இரண்டு காட்டுக்கும் எண்பது கல்

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. திருச்சுழிக்கு மேற்கே இருக்கும் அந்த ஊர் எனக்குப் பின்னால் ஒரு மைல் தள்ளிப் போயிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் சீமைக் கருவேலத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும்.

இரண்டு பஸ்கள் தாண்டிப் போயின. கை காட்டவில்லை. ஏறினால் அந்த ஊர்க்காரர் ஒருவராவது உள்ளே இருப்பார். "ஏம்ப்பா, அந்தக் கயிறு வச்சுக் காட்டுனவன் நீதான?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை.

வேலையை விட்டு நான் கிளம்பிய கதைகளை இந்தத் தொடரில் ஏற்கெனவே நிறையச் சொல்லிவிட்டேன். சம்பளம் வராமல் கிளம்பியிருக்கிறேன். சோறு சரியில்லாமல், மேஸ்திரி கை நீட்டியதால், ஒன்றுமே இல்லாமல் சும்மா கால் அரித்தும் கிளம்பியிருக்கிறேன். அன்று கிளம்பியது வேறு மாதிரி. ஒரு கணக்கைச் சரியாகப் போட்டதற்காகக் கிளம்பினேன். தப்பாகப் போட்டிருந்தால் எனக்கு அங்கே இன்னும் பத்து நாள் வேலை இருந்திருக்கும். சந்தனமாரி அக்காவுக்கு அவருடைய காடும் இருந்திருக்கும்.

டீச்சர் கேட்ட கேள்வி

இதை எழுதவே ஒரு கடிதம்தான் காரணம். இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு கணக்கு டீச்சர் எழுதியிருந்தார். "பிள்ளைகள் என்னிடம், பெரிய ஆளான பிறகு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு உதவும் என்று கேட்கிறார்கள். நான் ஒரு பதில் சொல்கிறேன். அதை நானே முழுசாக நம்புவதில்லை. நீங்கள் பாதியில் நின்றவர், ஊர் ஊராகத் திரிந்தவர். உங்களுக்கு உதவியதா?"

நாலு நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். உதவியது என்று எழுதினால் டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டுவார். உதவவில்லை என்று எழுதினால் பையன்கள் அதை டீச்சருக்கு வாசித்துக் காட்டுவார்கள். இரண்டுக்கும் ஆளாக எனக்கு விருப்பமில்லை.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு அரைப் பரீட்சை வரைக்கும், மல்லாங்கிணறு பக்கத்தில். அந்த வருசம் மழை இல்லை. அய்யா முதலில் மாட்டை விற்றார். பிறகு என்னை வடக்கே ஒரு முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பினார். இரண்டுக்கும் நடுவில் அதிக நாள் இல்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, எங்கள் தெருவில் ஆறு பேர் அப்படிப் போனோம்.

கணக்குப் புத்தகத்தின் மேல் எனக்குச் சந்தேகம் அப்போதே உண்டு. பத்து ஆட்கள் ஆறு நாளில் ஒரு கிணற்றை வெட்டினால், பதினைந்து ஆட்கள் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? நாலு நாள் என்று எழுத வேண்டும். எழுதினால் மார்க்.

பிற்பாடு கிணறு ஆழப்படுத்தும் வேலைக்குப் போனேன். அடியில் நாலு பேர் நிற்கலாம். ஐந்தாவது ஆள் இறங்கினால் அவன் கடப்பாரை நாலாவது ஆளின் காலில் இறங்கும். பதினைந்து பேரை இறக்கினால் கிணறு முடியாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். புத்தகத்து ஆட்களுக்கு முழங்கை கிடையாது. அவர்கள் டீ குடிப்பதில்லை. கொழுந்தியாள் கல்யாணம் என்று பாதியில் போவதில்லை. அப்படிப்பட்ட ஆட்களை நான் இந்த ஜில்லாவில் எங்கும் பார்த்ததில்லை.

கையே தராசு

படிக்காத கணக்கையும் நான் முழுசாக நம்பியவன் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீரசோழனில் ஓர் ஆட்டு வியாபாரியிடம் கொஞ்ச நாள் இருந்தேன். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஆட்டின் இடுப்புக்குப் பின்னால் ஒரு பிடி பிடிப்பார், அரையடி தூக்குவார், விட்டுவிடுவார். "பன்னெண்டு கிலோ கறி நிக்கும்" என்பார். அறுத்து நிறுத்தால் பன்னிரண்டு இருக்கும். தாண்டினால் நூறு கிராம்.

"எப்படி பாய்?" என்று கேட்டேன்.

"நீ எத்தனாப்பு?"

"ஒம்பது."

"அப்ப ஒனக்கு வராது. எண்ணு மண்டைக்குப் போயிருச்சுல்ல, இனிக் கைக்கு எறங்காது."

ஒருநாள் அவரே இரண்டு கிலோ தவறினார். தராசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தராசு சரியில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டுக்குப் போய்விட்டார். கையை நம்புகிற ஆளும் எங்கோ ஓர் இடத்தில் அடம்தான் பிடிக்கிறார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அதை விடுங்கள். கல்லுக்கால் கதைக்கு வருகிறேன்.

அண்ணனும் தங்கச்சியும்

கல்லுக்கால் என்றால் வேலிக்கு நடும் ஆறடிக் கல். பத்தடிக்கு ஒரு கல் நட்டு, அதில் கம்பி கட்டுவார்கள். இப்போது காட்டுப்பன்றித் தொந்தரவு அதிகமாகிவிட்டது. மக்காச்சோளம் போட்டவர்கள் பாதியைப் பன்றிக்குத்தான் போடுகிறார்கள். அதனால் அந்தப் பக்கம் முழுக்க வேலி வேலை கிடைத்தது. நானும் பால்ச்சாமி என்கிற உள்ளூர்க்காரனும் குழி தோண்டும் ஜோடி.

காடு சந்தனமாரி அக்காவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொதுவாக இருந்தது. அவர்களுடைய அப்பா இறந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. அண்ணன் அருப்புக்கோட்டையில் வீடு கட்டிக் குடியிருக்கும் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றுவிட்டார். ஊரில் எல்லாருக்கும் அவர் வாத்தியார்தான்.

அக்கா கைக்குழந்தையோடு புருசன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவர். பதினெட்டு வருசமாக அந்தக் காட்டை அவர்தான் உழுது விதைத்தார். அந்தக் குழந்தை இப்போது மதுரையில் நர்சிங் படிக்கிறது. சோறு, மகளின் பீஸ், மழைக்காலத்தில் கூரை மாற்றுவது எல்லாமே அந்த மண்ணிலிருந்துதான். வேறு வழி அவருக்கு இல்லை. ஆகவே எந்தப் பாதி அவர் கைக்கு வருகிறது என்பதுதான் அவருக்கு அன்றைக்கு எல்லாமே.

காடு இரண்டு துண்டு. நடுவில் வண்டிப்பாதை. பாதைக்குக் கிழக்கே ஓடையை ஒட்டி நீளமாக ஒரு துண்டு, அதை ஓடைக்காடு என்பார்கள். மேற்கே மேட்டில் சதுரமாக ஒரு துண்டு, அது மேட்டுக்காடு.

நாங்கள் முதல் நாள் போனபோது அக்காதான் அண்ணனிடம் பேசினார்.

"அண்ணே, பாகம் பிரிக்க வக்கீலு அது இதுன்னு அலைய வேணாம். எப்படியும் வேலி போடப்போறோம். ஒங்களுக்கு எம்பது கல்லு, எனக்கு எம்பது கல்லு. கல்லுச் சமமாப் போச்சுன்னா காடும் சமந்தான? நட்ட கல்ல வச்சே எழுதிக்கிருவோம்."

"எது யாருக்கு?"

"மேட்டுக்காட்ட நீங்க எடுத்துக்கங்க. நான் இந்த ஓடைக்காட்டோட கெடக்கேன்."

வாத்தியார் இரண்டு துண்டையும் ஒரு பார்வை பார்த்தார். "சரி தாயி. நீ சொன்னாச் சரிதான்" என்றார்.

அந்த வேகம்தான் எனக்கு உறுத்தியது. முப்பது வருசம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு நிமிசம்கூட யோசிக்காமல் தலையாட்டினார். யோசிக்காமல் தலையாட்டுகிறவர் முன்னாலேயே யோசித்து முடித்தவராகத்தான் இருப்பார்.

குச்சியால் போட்ட கணக்கு

பள்ளிக்கூடத்தில் எனக்கு மறக்காமல் இருந்தது ஒரே ஒரு பாடம். எங்கள் கணக்கு சார் ஒரு சணல் கயிற்றை வளையமாக முடிந்து, நாலு பேர் விரலில் மாட்டி நிறுத்தினார். சதுரமாக நின்றோம். பிறகு இரண்டு பேரை விலகி நிற்கச் சொன்னார், சதுரம் ஒடுங்கி நீண்டது. சுற்றளவு அதேதான், உள்ளே இருக்கிற பரப்பு குறைந்துவிட்டது என்றார். "கயிறு ஒண்ணுன்னா எடமும் ஒண்ணுதான சார்?" என்று நான் கேட்டேன். ஸ்கேலைத் திருப்பிப் புறங்கையில் ஒன்று வைத்தார். மற்றதெல்லாம் மறந்தும் இது நினைவில் நின்றதற்கு அந்த ஸ்கேல் காரணமாக இருக்கலாம்.

மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தரையில் குச்சியால் கணக்குப் போட்டேன். மேட்டுக்காடு பக்கத்துக்கு இருநூறு அடி. இருநூறை இருநூறால் பெருக்கினால் நாற்பதாயிரம். ஓடைக்காடு நீளம் முந்நூற்றிருபது, அகலம் எண்பது. இருபத்தைந்தாயிரத்து அறுநூறு. செண்டுக்கு எவ்வளவு என்று போனில் வகுத்துப் பார்த்தேன். மேடு தொண்ணூற்றிரண்டு செண்ட். ஓடை ஐம்பத்தொன்பது. சுற்றி வந்தால் இரண்டுக்கும் எண்பது கல்.

"பாத்தியா பால்ச்சாமி? முப்பத்திமூணு செண்டு அமுக்குறாரு வாத்தியாரு. பாவம், அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் தெரியல."

பால்ச்சாமி தரையைப் பார்த்தான். காலால் அழித்தான்.

"ஏலே, சோத்தத் தின்னுட்டுக் குழியத் தோண்டு."

"ஒனக்கு வாத்தியார்னா பயமா?"

"ஊர்ல இருக்க அம்புட்டுப் பேருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சு, ஒனக்கு மட்டும் தெரியுதாக்கும்?"

அவன் பயப்படுகிறான் என்றே நினைத்தேன். ஓடைக்காட்டில் நூறு குழி என்றாலும் தோண்டலாம், கடப்பாரை அத்தனை லேசாக இறங்கியது. கருப்பு மண். இரண்டடியில் கையில் ஈரம் ஒட்டியது. மேட்டுக்காட்டில் அரையடியில் சரளை. கடப்பாரை ணங்கென்று எகிறி, தோள்வரை அதிர்ந்தது. பத்துக் குழிக்குள் உள்ளங்கை கிழிந்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு அந்த மேட்டை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டியதோடு சரி. என் மண்டை முழுக்க முப்பத்திமூன்று செண்ட்தான் இருந்தது.

நாலாவது மூலை

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பாகம் பிரித்து வேலி போடும்போது மூன்று மூலைக்கல்லை வேலையாட்களே நட்டுவிடலாம். நாலாவது மூலைக்கல்லை மட்டும் இரண்டு தரப்பும், ஊரில் நாலு பேரும் நிற்கும்போதுதான் நட வேண்டும். குழியில் நவதானியம் போட்டு, தேங்காய் உடைத்து, கல்லை இறக்கிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. அதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் ஒரு வார்த்தை சொல்லலாம். குழி தோண்டுகிறவன் சொல்லலாமா என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

அந்தக் கல்லை நடுகிற அன்று மத்தியானத்துக்கு மேல் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். சுப்பையா என்கிற பெரியவர்தான் முன்னால் நின்றார். வெற்றிலையை ஓரம் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"யாருக்கும் எதுவும் சொல்ல இருக்கா? இல்லேன்னா ஒடச்சிருவோம்."

அக்கா தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாத்தியார் வேட்டி நுனியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இருக்கு" என்றேன்.

"யாருலே அது? குழி தோண்ட வந்தவனா? என்ன, குழிக்குள்ள பொதையல் கெடந்துச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். பால்ச்சாமி மட்டும் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். நான் விடவில்லை.

"கல்லு சமந்தான் அய்யா. காடு சமமில்ல."

கல் கட்டி வந்த கயிற்றை எடுத்து வளையமாக முடிந்தேன். இரண்டு பேரைப் பிடிக்கச் சொன்னேன், மற்ற இரண்டு மூலையை நான் பிடித்தேன். சதுரமாக விரித்துக் காட்டினேன். பிறகு ஒடுக்கினேன். இன்னும் ஒடுக்கினேன். கடைசியில் இரண்டு கயிறும் ஒட்டிக்கொண்டன.

"அதே கயிறுதான. இப்ப உள்ள ஒரு எள்ளு வெதைக்க எடம் இருக்கா? ஓடைக்காடு இந்த மாதிரி. அக்காவுக்கு முப்பத்திமூணு செண்டு கொறையுது."

 எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து வாயடைத்து நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. மறைக்க என்ன இருக்கிறது, நெஞ்சு விம்மியது. பாதியில் விட்ட பள்ளிக்கூடம் அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகக் கிடைத்த மாதிரி இருந்தது.

சுப்பையா வெற்றிலையைத் துப்பினார். வேண்டாவெறுப்பாகக் கேட்டார்.

"வாத்தியாரே, இவன் சொல்றது நெசமா?"

"நெசந்தான்."

"தெரிஞ்சா சம்மதிச்சீக?"

"அவ கேட்டா, நான் சரின்னேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாத்தியாருக்கு முகம் கறுத்தது.

"ஊருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்தவன், கூடப்பொறந்தவளக் கணக்குலயே ஏமாத்திட்டான்னு ஒரு பேச்சு எனக்கு வேணாம். பெரிய காட்ட அவளே எடுத்துக்கட்டும். சின்னது எனக்குப் போதும்."

"அண்ணே, வேணாம்" என்றார் அக்கா. அவ்வளவு அவசரமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "பேசுனது பேசுனபடி இருக்கட்டும்."

"ஏன் தாயி? முப்பத்திமூணு செண்டு கூடக் கெடைக்கிது. வேணாங்கிற?"

அக்கா சுப்பையாவைப் பார்த்தார். சுப்பையா ஓடையைப் பார்த்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"பெறகென்ன, ஒடைம்மா" என்றார் சுப்பையா.

தேங்காய் உடைந்தது. கல்லை நானும் பால்ச்சாமியும் இறக்கினோம். மண்ணைத் தள்ளி மிதித்துக் கெட்டியாக்கியது நான்தான்.

குழிக்குப் பக்கத்தில்

கூட்டம் கலைந்த பிறகு பால்ச்சாமி கேட்டான்.

"ஏலே, குழி தோண்டுனவன்தான நீ?"

"ஆமா."

"எந்தக் காட்டுல கடப்பாரை எறங்குச்சு? எந்தக் காட்டுல எறங்கல?"

துணி சுற்றிய கையைப் பார்த்தேன். அவன் மேலே சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் சொன்னான்.

"அந்த மேட்டுல என்னைக்காச்சும் கம்பு வந்தா உண்டு. ஓடைக்காட்டுல ஒரு மழை பெஞ்சாப் போதும், கொத்தமல்லி வந்துரும், பருத்தி வந்துரும். ஊருக்கே தெரியும். வாத்தியாரு டவுனுக்குப் போன ஆளு, செண்டு மட்டுந்தான் பாப்பாருன்னு மாரி அக்காதான் இந்தக் கல்லுக் கணக்கச் சொல்லுச்சு. அது பொழைக்கட்டும்னு ஊரே வாயப் பொத்திக்கிட்டு நின்னோம். நீ கயித்தத் தூக்கிட்டு வந்துட்ட."

அக்கா தேங்காய்ச் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, எனக்குத் தெரியாது."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்? நீ கணக்குத்தான பாத்த."

"நான் போயி அண்ணன்கிட்டச் சொல்றேன். மண்ணு நல்லா இருக்குன்னுதான் அக்கா அதக் கேட்டாகன்னு சொல்றேன்."

"சொல்லு. அவுக என்னைய ஏமாத்த வந்தாகன்னு இப்ப ஊரு பேசுது. நீ சொன்னா, நான் அவுகள ஏமாத்த வந்தேன்னும் பேசும். ரெண்டும் நெசந்தான். ஆனா காடு திரும்பாது தம்பி. தேங்கா ஒடச்சாச்சு."

சில்லுகளை முந்தானையில் போட்டு முடிந்தார்.

"பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வருசப் படிப்பு கெடக்கு" என்றார். அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

தீராத சந்தேகம்

இதோடு முடிந்திருந்தால், தெரியாமல் செய்த தப்பு என்று ஆற்றிக்கொண்டிருப்பேன். கடப்பாரையை எடுக்க ஓடைப் பக்கம் போனபோது வாத்தியார் அங்கே குனிந்து நின்றார். ஒரு கட்டி மண்ணை எடுத்து விரலால் நசுக்கினார். மோந்து பார்த்தார். கையை வேட்டியில் துடைக்காமல், ஒன்றோடொன்று மெதுவாகத் தேய்த்துக்கொண்டார்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"எத்தனாப்பு வரைக்கும் படிச்ச?"

"ஒம்பதுல பாதி."

"நல்லாப் போட்ட" என்றார்.

மார்க் போடுகிற குரல். 

அந்த ஓடையில் குளித்து வளர்ந்த ஆள் அவர். பட்டணத்துக்குப் போனாலும் பிறந்த மண் எது கருப்பு, எது சரளை என்று மறக்குமா? மறந்தது மாதிரி இருந்தாரா? தலையாட்டியதே, யாராவது ஒருவன் எழுந்து "இது அநியாயம்" என்று சொல்லுவான் என்று காத்திருந்துதானா? இல்லை, நிஜமாகவே மானத்துக்குப் பயந்து விட்டுக்கொடுத்தவருக்கு, அள்ளிய மண்ணைப் பார்த்த பிறகுதான் என்ன கிடைத்தது என்று தெரிந்ததா?

நடந்துகொண்டே இதைத்தான் புரட்டினேன். இரண்டு பக்கமும் பொருந்துகிறது. எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் இதற்கு விடை இல்லை. இன்றைக்கும் இல்லை.

டீச்சர், இதை வகுப்பில் வாசிக்கலாமா வேண்டாமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கயிறு பொய் சொல்லவில்லை. சதுரம்தான் பெரியது, சத்தியமாகப் பெரியது. பள்ளிக்கூடக் கணக்கு பெரிய ஆளான பிறகு உதவுமா என்றால், உதவியது. யாருக்கு உதவியது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். புத்தகத்தில் எந்த நிலத்துக்கும் மண் கிடையாது. நீளம் இருக்கும், அகலம் இருக்கும், அதற்குக் கீழே வெள்ளைத் தாள்தான் இருக்கும். உங்கள் பிள்ளைகளிடம் அதை மட்டுமாவது சொல்லி வையுங்கள்.

மறுநாள் காலை

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்தேன். விடிந்ததும் டீக்கடையில் நின்றபோது, பைக்கில் சிவப்புக் கொடிக்கம்பும் ஐம்பது மீட்டர் டேப்பும் கட்டிய ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். தனியாருக்கு நிலம் அளந்து கொடுக்கிற சர்வேயர். அவருடைய ஆள் அன்று வரவில்லை. கடப்பாரையோடு நிற்கிற என்னைப் பார்த்தார்.

"பாலவனத்தம் வரைக்கும் வாரியா? டேப்புப் பிடிக்கணும். சாயங்காலம் விட்டுருவேன்."

"வாரேன்."

"படிச்சிருக்கியா?"

"இல்லண்ணே. பள்ளிக்கூடமே போனதில்ல."

"நல்லதாப் போச்சு. படிச்ச பயலக் கூட்டிட்டுப் போனா, நான் ஒரு எண்ணுச் சொன்னா அவன் ஒரு எண்ணுச் சொல்றான்."

கடப்பாரையை டீக்கடையில் வைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வேலை லேசானது. டேப்பின் வளைய முனையை மூலைக்கல்லின் மேல் வைத்து, நகராமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த முனையில் எண் எதுவும் இல்லை. மறுமுனையை இழுத்துக்கொண்டு போய் அவர் சத்தமாகப் படிப்பார், நோட்டில் எழுதுவார்.

இரண்டு பக்கம் அளந்து முடித்தோம். இடத்துக்காரர், துண்டை இடுப்பில் கட்டியிருந்த ஒரு வயசாளி, சர்வேயர் தூரத்தில் இருந்த நேரமாகப் பார்த்து என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, எவ்வளவு வருது? எனக்கும் என் தம்பிக்கும் சமமா வருமா?"

என் மண்டைக்குள் பெருக்கல் ஏற்கெனவே முடிந்திருந்தது.

"எனக்கு எண்ணு தெரியாது பெரியவரே" என்று சொல்லிவிட்டு, வளையத்தைக் கல்லில் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன்.